இருமல் நின்றாலும் இளைக்காத தசை: குதிரை ஆஸ்துமாவில் நோய் எதிர்ப்பு செல்கள் செய்யும் வேலை

ஆஸ்துமா முற்றிய குதிரைக்கு டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி போட்டால் இரண்டு மூன்று நாளில் மூச்சு தணிந்துவிடும். நாசி விரிவது நிற்கும், இருமல் குறையும், மூச்சை வெளியே தள்ள வயிறு இரண்டாவது முறை எக்குவதும் அடங்கும். குதிரை சரியாகிவிட்டது என்று உரிமையாளர் அதே உலர்புல்லை அதே வலையில் கட்டித் தொங்கவிடுவார். சில நாட்களில், சில சமயம் சில மணி நேரத்திலேயே, இளைப்பு திரும்ப வந்து நிற்கும். மருந்து சரியில்லை என்ற பேச்சு அப்போது எழும். இருமலுக்கு ஒரு காலக்கணக்கு உண்டு, மூச்சுக்குழாயின் சுவருக்கு இன்னொரு காலக்கணக்கு உண்டு என்பது அந்தப் பேச்சில் விட்டுப்போகிறது. நோய் எதிர்ப்பு செல்கள் சில மணி நேரத்தில் வந்து சேர்கின்றன. அவை வளர்த்துவிட்ட தசை குறைய மாதக்கணக்கில் ஆகிறது, ஓராண்டு காத்திருந்தாலும் முழுதாகக் குறைவதில்லை. இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டால் சிகிச்சையில் எது முதலில் வரவேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

முதலில் நோயின் இரண்டு நிலைகள். லேசானது முதல் மிதமானது வரையிலான வகை எந்த வயதிலும் வரும். இளம் பந்தயக் குதிரைகளில் நிறையவே காணப்படுகிறது. நிற்கும்போது மூச்சு இயல்பாக இருக்கும், ஓட்டத்தில் பின்தங்கும், எப்போதாவது இருமும். தீவிர வகை பெரும்பாலும் 7 வயதைத் தாண்டிய குதிரைகளைப் பிடிக்கிறது. இதில் சும்மா நிற்கும்போதே மூச்சு வாங்கும். பழைய நூல்களில் தேடுபவர்களுக்காக ஒரு குறிப்பு: தீவிர வகையை முன்பு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள். 2000இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த பட்டறைக்குப் பிறகு ‘மீண்டும் வரும் மூச்சுக்குழாய் அடைப்பு’ என்ற பெயர் நிலைத்தது. 2016இல் வந்த அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் கருத்தொருமை அறிக்கை எல்லாவற்றையும் குதிரை ஆஸ்துமா என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. ஆங்கிலம் பேசும் லாயங்களில் இன்றும் ஹீவ்ஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

இது தொற்றுநோய் இல்லை. காய்ச்சல் இருக்காது, தீனி எடுப்பது பெரும்பாலும் குறையாது. காய்ச்சலும் சோர்வும் சேர்ந்து இருந்தால் நிமோனியாவைத்தான் முதலில் தேடவேண்டும். ஆஸ்துமாக் குதிரைக்கு வாராவாரம் ஆன்டிபயாட்டிக் மாற்றிக் கொடுப்பதில் பயன் கிடையாது.

தூசியில் என்ன இருக்கிறது

500 கிலோ எடையுள்ள குதிரை ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 5 லிட்டர் காற்று. நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர். அந்த மூக்கு நாளின் பெரும்பகுதி உலர்புல்லுக்குள் புதைந்திருக்கிறது. லாயத்தின் நடுவில் அளக்கும் தூசிக்கும் குதிரையின் மூக்கருகே அளக்கும் தூசிக்கும் பெரிய வித்தியாசம் இருப்பது இதனால்தான். ஜன்னலைத் திறந்துவிட்டேன், காற்றோட்டம் இருக்கிறது என்பது போதாது.

புல்லை ஈரம் முழுதாகக் காயாமல் கட்டாகக் கட்டினால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகி வெப்பம் ஏறும். ஈரம் 15 சதவீதத்துக்கு அருகில் இருந்தால் பெரிய ஆபத்தில்லை. 40 சதவீத ஈரத்தில் கட்டிய புல்லின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டை விரும்பும் ஆக்டினோமைசீட் பாக்டீரியாக்கள், குறிப்பாகச் சாக்கரோபாலிஸ்போரா ரெக்டிவிர்குலா, அங்கே கொழிக்கின்றன. கூடவே அஸ்பெர்கில்லஸ் ஃபியூமிகேட்டஸ் போன்ற பூஞ்சைகள். இந்த ஆக்டினோமைசீட் வித்துகளின் அளவு ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர். 5 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ள எதுவும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் கிளை வரை போகும். இவற்றோடு பாக்டீரியா ஓட்டிலிருந்து வரும் எண்டோடாக்சின், பூஞ்சைச் சுவரின் பீட்டா குளுக்கான், புல்துகள், பூச்சிகளின் கழிவு என எல்லாம் கலந்திருக்கும். தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் லேசான அழற்சியைத்தான் உண்டாக்கும். கலவையாகப் போகும்போது விளைவு பல மடங்கு கடுமையாகிறது. ஒரே ஒரு ஒவ்வாப்பொருளைக் கண்டுபிடித்து அதற்கு மட்டும் ஊசி போடும் வழி இந்த நோயில் பெரிதாக எடுபடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் வருபவை, பிறகு வருபவை

துகள் இறங்கும் இடத்தில் ஏற்கெனவே காவல் இருப்பவை காற்றறை மேக்ரோஃபேஜ் செல்கள். துகளை விழுங்கியதும் இன்டர்லூகின்-8, கட்டி நசிவுக் காரணி ஆகிய செய்தி மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. மூச்சுக்குழாயின் உட்தோல் செல்களும் இதே அழைப்பை விடுக்கின்றன. குதிரைக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. அதன் நுரையீரல் இரத்தத் தந்துகிகளின் உட்சுவரிலேயே ஒட்டியபடி ஒருவகை மேக்ரோஃபேஜ் செல்கள் நிரந்தரமாக இருக்கின்றன. ஆரோக்கியமான மனித நுரையீரலில் இப்படி இல்லை. எண்டோடாக்சினுக்குக் குதிரையின் நுரையீரல் இவ்வளவு கூர்மையாக எதிர்வினை காட்டுவதில் இந்தச் செல்களுக்குப் பங்கு உண்டு.

அழைப்பைக் கேட்டு வருபவை நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளை அணுக்கள். நோயுள்ள குதிரைக்கு மோசமான உலர்புல்லைக் கொடுத்தால் சுமார் 4 முதல் 6 மணி நேரத்தில் இவை இரத்தத்திலிருந்து மூச்சுக்குழாய்க்குள் குவிந்துவிடும். ஆரோக்கியமான குதிரையின் நுரையீரல் கழுவல் நீரில், அதாவது உள்ளே உப்புநீர் செலுத்தி உறிஞ்சி எடுக்கும் திரவத்தில், நியூட்ரோஃபில் 5 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருக்கும். தீவிர ஆஸ்துமா கிளம்பியிருக்கும்போது 25 சதவீதத்தைத் தாண்டும். பாதிக்கு மேல் போவதும் சாதாரணம். மனித ஆஸ்துமாவில் அதிகம் பேசப்படும் ஈயோசினோஃபில்கள் என்னும் வேறுவகை வெள்ளை அணுக்கள் தீவிர குதிரை ஆஸ்துமாவில் முன்னணியில் இல்லை. ஸ்டீராய்டுக்குச் சரியாக மசியாத, நியூட்ரோஃபில் மிகுந்த மனித ஆஸ்துமா ஒன்று உண்டே, அதற்குத்தான் இது நெருக்கம்.

நியூட்ரோஃபில் குறைந்த ஆயுள் கொண்ட செல். வந்து, வேலையை முடித்து, தானே செத்து, மேக்ரோஃபேஜால் விழுங்கப்பட்டால் அழற்சி ஓய்ந்துவிடும். ஆஸ்துமாக் குதிரையில் அது சாவது தள்ளிப்போகிறது. இதற்கு இரண்டு காரணங்கள் நன்றாகத் தெரிந்தவை. ஒன்று, மூச்சுக்குழாயில் சுரக்கும் வளர்ச்சித் தூண்டி மூலக்கூறு ஜிஎம்-சிஎஸ்எஃப். இரண்டாவது இன்டர்லூகின்-17. இதைச் சுரப்பவற்றுள் முக்கியமானவை டிஎச்17 என்னும் டி லிம்ஃபோசைட் வகை. மான்ட்ரியல் பல்கலைக்கழகக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், இன்டர்லூகின்-17 குதிரை நியூட்ரோஃபில்களைத் தூண்டி ஆயுளையும் நீட்டுகிறது என்றும், ஸ்டீராய்டு சேர்த்தாலும் இந்த விளைவு அடங்குவதில்லை என்றும் காட்டியது. பெர்ன் பல்கலைக்கழகக் குழு தனித்தனிச் செல்லாகப் பிரித்து மரபணு வெளிப்பாட்டை அளந்தபோதும் தீவிர ஆஸ்துமாக் குதிரைகளின் நுரையீரல் செல்களில் டிஎச்17 தடயம் தெளிவாகத் தெரிந்தது.

இதற்கு முன்பு, டி லிம்ஃபோசைட்டின் வேறு இரு வகைகளான டிஎச்1 வழியா, டிஎச்2 வழியா என்று நீண்ட வாதம் நடந்தது. எந்த நாளில், நோயின் எந்தக் கட்டத்தில் மாதிரி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து ஆய்வுகள் வேறுவேறு பதில் தந்தன. ஒரே வழிதான் இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்ததே கோளாறு என்று நினைக்கிறேன்.

சுவரில் என்ன நடக்கிறது

நியூட்ரோஃபிலின் பைகளுக்குள் எலாஸ்டேஸ், மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டியேஸ் 8, 9 ஆகிய புரதம் அரிக்கும் நொதிகள் இருக்கின்றன. கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் ஆயுதங்கள் இவை. கிருமி இல்லாத இடத்தில் திறந்துவிடப்பட்டால் மூச்சுக்குழாயின் சொந்தத் திசுவையே அரிக்கும். எலாஸ்டேஸ் கோழை சுரக்கும் செல்களைத் தூண்டிக் கோழையைக் கொட்டவைக்கிறது. அந்தச் செல்களின் எண்ணிக்கை கூடுவதும், முக்கியக் கோழைப் புரதமான மியூசின்-5ஏசியின் மரபணு வெளிப்பாடு தீவிர ஆஸ்துமாக் குதிரைகளில் உயர்ந்திருப்பதும் பதிவானவை. கோழை அளவில் கூடுவதோடு கெட்டியாகவும் ஆகிறது. நீண்ட மூச்சுப்பாதையில் அதை மேலே தள்ளுவது மயிரிழைகளுக்குச் சிரமமாகிறது. குதிரை தலையைத் தாழ்த்தி மேய்ந்தால் கோழை வடியும். உயரத்தில் கட்டிய வலையிலிருந்து தின்னும் குதிரைக்கு அந்த வசதியும் பறிபோகிறது.

நியூட்ரோஃபில் செய்யும் இன்னொரு வேலை, தன் டிஎன்ஏ இழைகளையே வலையாக வெளியே வீசுவது. கிருமியைச் சிக்கவைக்கும் உத்தி இது. 2017இல் வந்த ஒரு ஆய்வில், நோய் கிளம்பிய நேரத்தில் ஆஸ்துமாக் குதிரைகளின் மூச்சுக்குழாய்க்குள் இந்த வலைகள் காணப்பட்டன; டெக்ஸாமெத்தசோன் கொடுத்ததும் குறைந்தன. டிஎன்ஏ இழைகள் கோழையோடு கலந்தால் அது மேலும் பிசுபிசுப்பாகும், அவற்றில் ஒட்டியிருக்கும் நொதிகள் உட்தோலையும் காயப்படுத்தும்.

உட்தோலில் இருக்கும் கிளப் செல்கள் ஒரு பாதுகாப்புப் புரதத்தைச் சுரப்பவை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள், ஹீவ்ஸ் உள்ள குதிரைகளில் இந்தப் புரதம் குறைந்திருப்பதைக் காட்டின. நியூட்ரோஃபில்களின் நடத்தையை மாற்றும் புரதம் இது. ஆக, சுவர் சேதமாகச் சேதமாக அழற்சியைக் கட்டுப்படுத்தும் சுரப்பும் குறைகிறது.

எல்லாவற்றிலும் நான் முக்கியமாகக் கருதுவது மென்தசையைத்தான். 2 மில்லிமீட்டருக்கும் குறுகலான சிறு மூச்சுக்குழாய்களில் குருத்தெலும்பு கிடையாது. அவற்றைச் சுற்றிச் சுருள்சுருளாக மென்தசை இருக்கும். தசை சுருங்கினால் குழாய் இறுகும். சீரான ஓட்டத்தில் ஒரு குழாயின் விட்டம் பாதியானால் காற்றுக்கான தடை 16 மடங்கு ஏறும். தீவிர ஆஸ்துமாக் குதிரைகளின் சிறு மூச்சுக்குழாய்களில் இந்தத் தசையின் அளவு ஆரோக்கியமான குதிரைகளோடு ஒப்பிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. தசைச் செல்களின் எண்ணிக்கையும் கூடுகிறது, தனித்தனிச் செல்லும் பருக்கிறது. குதிரை நன்றாக இருக்கும் காலத்திலும், அதாவது இருமலோ மூச்சு வாங்கலோ இல்லாத மாதங்களிலும், இந்தப் பெருக்கம் அப்படியே இருக்கிறது. அதே குதிரைகளை 30 நாள் தூசிப் புல்லில் விட்டு மறுபடி நுரையீரல் மாதிரி எடுத்தபோதும் தசையின் மொத்த அளவு மேலும் கூடவில்லை. செல்கள் பெருகுவதும் சாவதும் வேகமாக நடந்துகொண்டே, கூட்டிக்கழித்தால் அதே உயர்ந்த அளவில் நிற்கிறது.

நியூட்ரோஃபிலுக்கும் தசைக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பது நீண்டநாள் கேள்வி. 2016இல் மான்ட்ரியல் குழு அதற்கு ஒரு விடை தந்தது. எண்டோடாக்சினால் தூண்டப்பட்ட குதிரை நியூட்ரோஃபில்கள் எக்ஸோசோம் எனப்படும் நுண்பைகளை வெளியிடுகின்றன. அந்தப் பைகளை மென்தசைச் செல்கள் உள்வாங்கிக்கொள்கின்றன, அதற்குப் பிறகு அவை பெருகும் வேகம் கூடுகிறது. வளர்ப்புத் தட்டில் செய்த சோதனைதான், உயிருள்ள நுரையீரலில் இதன் பங்கு எவ்வளவு என்பதை அதை வைத்து மட்டும் அளக்கமுடியாது. ஆனாலும் தூசி, எண்டோடாக்சின், நியூட்ரோஃபில், தசை என்ற சங்கிலியின் விடுபட்ட கண்ணியை அது தொட்டுக்காட்டியது.

இவற்றோடு உட்தோலுக்குக் கீழே கொலாஜன் படிகிறது, சுவர் விறைக்கிறது. நுரையீரல் தமனிகளின் தசையும் தடிப்பதால் இதயத்தின் வலப்பக்கம் கூடுதல் பளுவைச் சுமக்கிறது.

லேசான வகையில் காட்சி வேறு. அங்கே நியூட்ரோஃபில் 5 முதல் 10 சதவீதத்திலோ சற்று அதிகமாகவோ இருக்கலாம். சில குதிரைகளில் நியூட்ரோஃபில் உயராமல், ஒவ்வாமையில் பங்குபெறும் மாஸ்ட் செல்களோ ஈயோசினோஃபில்களோ உயர்ந்திருக்கும். மாஸ்ட் செல் மிகுந்த குதிரைகளின் மூச்சுக்குழாய் சிறு தூண்டலுக்கும் சட்டென்று சுருங்கும். லேசான வகை எல்லாக் குதிரையிலும் தீவிர வகையாக முற்றிவிடும் என்று சொல்லமுடியாது, அப்படிச் சொல்லி உரிமையாளர்களைப் பயமுறுத்துவதும் தவறு.

பரம்பரையும் உண்டு. சுவிட்சர்லாந்தின் வார்ம்பிளட் குதிரைக் குடும்பங்களில் நடந்த ஆய்வுகள், பெற்றோரில் ஒன்றுக்கு நோய் இருந்தாலே குட்டிக்கு ஆபத்து கூடுவதைக் காட்டின. ஒரு குடும்பத்தில் 13ஆம் குரோமோசோமில் இன்டர்லூகின்-4 ஏற்பி மரபணு இருக்கும் பகுதியும், மற்றொரு குடும்பத்தில் 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியும் நோயோடு சேர்ந்து வந்தன. மரபணுவே வேறாக இருக்கும்போது, எல்லாக் குதிரையிலும் நோய் எதிர்ப்பு செல்கள் ஒரே முறையில் நடந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

கழுவல் சோதனையைச் சரியாகச் செய்வது

எந்தச் செல் மிகுந்திருக்கிறது என்பதை நுரையீரல் கழுவல் நீரில்தான் பார்க்கவேண்டும். தொண்டைக்குழாயிலிருந்து எடுக்கும் திரவம் இதற்குச் சரிவராது. ஆரோக்கியமான குதிரையிலும் அங்கே நியூட்ரோஃபில் 20 சதவீதம் வரை இருக்கலாம். கீழே சிறு கிளைகளில் நடப்பதோடு அது பொருந்தாது.

குதிரைக்கு டெட்டோமிடின் அல்லது சைலசின், கூடவே இருமலை அடக்க பியூட்டார்ஃபனால் கொடுத்து மயக்கநிலையில் நிற்கவைக்கிறார்கள். ஏறக்குறைய 3 மீட்டர் நீளமான கழுவல் குழாயையோ நீண்ட எண்டோஸ்கோப்பையோ மூக்கு வழியாகச் செலுத்தி, மூச்சுக்குழாய் பிரியும் இடத்துக்கு வந்ததும் 0.5 சதவீத லிடோகெயின் கரைசலைச் சுமார் 60 மி.லி. விடவேண்டும். இதைச் சுருக்கினால் குதிரை இருமிக்கொண்டே இருக்கும், திரவம் திரும்பாது. குழாய் மேலே போகாமல் பதிந்து நின்றதும் பலூனில் 5 முதல் 10 மி.லி. காற்று ஏற்றி, உடல் சூட்டுக்குச் சூடாக்கிய கிருமி நீக்கிய உப்புநீரை 250 முதல் 500 மி.லி. வரை செலுத்தி மெதுவாக உறிஞ்சி எடுக்கவேண்டும். பாதியாவது திரும்பவேண்டும். மேலே நுரை நிற்பது நல்ல அறிகுறி. காற்றறை வரை போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். அடைப்பு கடுமையாக இருக்கும் குதிரையில் திரும்பும் அளவு குறையும், அதைக் கணக்கில் எடுத்துத்தான் முடிவைப் படிக்கவேண்டும். எவ்வளவு செலுத்தினோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அளவு மாறினால் சதவீதமும் மாறும் என்பதால் அடுத்த முறையும் அதே அளவில் செய்தால்தான் ஒப்பிடமுடியும்.

திரவத்தை இடிடிஏ குழாயில் குளிராக வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்க்கவேண்டும். குறைந்தது 400 செல் எண்ணவேண்டும். சாயத்தில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. அவசரச் சாயங்களில் மாஸ்ட் செல்லின் குறுமணிகள் சரியாகச் சாயமேறாமல் அந்தச் செல்களே கண்ணில் படாமல் போகும். மாஸ்ட் செல் வகை என்ற சந்தேகம் இருந்தால் டொலுயிடின் நீலச் சாயம் வேண்டும் என்று கேட்டு வாங்கவேண்டும். ஆரோக்கியமான எல்லை நியூட்ரோஃபில் 5, மாஸ்ட் செல் 2, ஈயோசினோஃபில் 1 சதவீதம். மீதி மேக்ரோஃபேஜும் லிம்ஃபோசைட்டும்.

மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது

மூச்சு முட்டி நிற்கும் குதிரைக்கு முதலில் குழாயை விரிக்கவேண்டும். என்-பியூட்டில்ஸ்கோபோலமின் கிலோவுக்கு 0.3 மி.கி. இரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தால் சுமார் 10 நிமிடத்தில் தளர்ச்சி தெரியும்; ஒரு மணி நேரம் போல நிற்கும். மூக்கு வழியாக இழுக்கும் சால்பியூட்டமாலும் அதேபோல் குறுகிய நேரத்துக்குத்தான். கிளென்பியூட்டரால் வாய்வழி கிலோவுக்கு 0.8 மைக்ரோகிராமில் தொடங்குவது. இதைத் தனியாக வாரக்கணக்கில் கொடுப்பது தவறு. சுமார் 3 வாரத் தொடர் உபயோகத்தில் ஏற்பிகள் மந்தமாகி, மூச்சுக்குழாயின் எரிச்சல்தன்மை கூடியே போவது காட்டப்பட்டிருக்கிறது. அதைவிட, குழாய் விரிந்த நிலையில் தூசி இன்னும் ஆழமாகப் போகும்.

அழற்சிக்கு டெக்ஸாமெத்தசோன் கிலோவுக்கு நாளுக்கு 0.05 மி.கி., அதாவது 500 கிலோ குதிரைக்கு 25 மி.கி., பிறகு படிப்படியாகக் குறைப்பது. பிரெட்னிசோலோன் வாய்வழி கிலோவுக்கு நாளுக்கு 1 முதல் 2 மி.கி. தூசி தொடரும் சூழலில் இது டெக்ஸாமெத்தசோன் அளவுக்கு வேலை செய்வதில்லை. பிரெட்னிசோன் மாத்திரையை வாங்கவே கூடாது. குதிரையின் உடலில் அது சரியாக உறிஞ்சப்பட்டுப் பிரெட்னிசோலோனாக மாறுவதில்லை. மூக்கு வழி மருந்தில் சைக்ளசோனைட் என்ற ஸ்டீராய்டு உள்ள அசெர்வோ எக்விஹேலர் 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்றது. முதல் 5 நாள் காலையும் மாலையும் 8 அழுத்தல், அடுத்த 5 நாள் நாளுக்கு ஒருமுறை 12 அழுத்தல் என்பது அதன் முறை. கொழுத்த குதிரை, பிட்யூட்டரிக் கோளாறு உள்ள வயதான குதிரை ஆகியவற்றுக்கு உடல் முழுவதும் பரவும் ஸ்டீராய்டால் குளம்பு அழற்சி வரும் அபாயம் உண்டு. அங்கே மூக்கு வழி மருந்தே மேல். போட்டிக் குதிரைக்கு மருந்து நிறுத்தவேண்டிய நாட்களைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே தொடங்கவேண்டும்.

இவ்வளவு செய்தும் தூசி தொடர்ந்தால் கழுவல் நீரில் நியூட்ரோஃபில் குறையாது. மூச்சு மேம்படும், இருமல் நிற்கும், நியூட்ரோஃபில் மட்டும் அங்கேயே இருக்கும். ஸ்டீராய்டுக்கு அடங்காத இன்டர்லூகின்-17 பற்றி மேலே சொன்னது இங்கே பொருந்துகிறது. போதாததற்கு, ஸ்டீராய்டே நியூட்ரோஃபில் சாவதைத் தள்ளிப்போடவும் கூடும்.

2012இல் மான்ட்ரியல் குழு வெளியிட்ட ஓராண்டு ஆய்வை ஒவ்வொரு குதிரை உரிமையாளருக்கும் சொல்லவேண்டும். ஒரு குழுக் குதிரைகளுக்குத் தூசியை மட்டும் விலக்கினார்கள். மற்றொரு குழுவுக்கு மூக்கு வழி ஃபுளூட்டிகசோன் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு பெற்ற குதிரைகளில் தசை சீக்கிரமே, முதல் 6 மாதத்துக்குள், குறைந்தது. தூசி விலக்கிய குதிரைகளிலும் குறைந்தது, ஆனால் மெதுவாக. 12 மாத முடிவில் குறைவு சுமார் 30 சதவீதம். அழற்சியைப் பொறுத்தவரை தூசி விலக்கலே மேலான கட்டுப்பாட்டைத் தந்தது. இரண்டு மடங்காகப் பெருத்த தசையில் 30 சதவீதம் போனால் மீதி இன்னும் இயல்புக்கு மேல்தான். 2017இல் அதே குழு ஃபுளூட்டிகசோனோடு குழாயை விரிக்கும் சால்மெட்டராலைச் சேர்த்துக் கொடுத்தபோது தசை மாற்றமும் நியூட்ரோஃபிலும் சேர்ந்தே குறைந்ததைக் காட்டியது.

புல்லும் படுக்கையும்

தூசி விலக்கல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் யாரும் எதையும் செய்வதில்லை. சிறந்தது மேய்ச்சல் நிலத்தில் இரவு பகலாக விடுவது. அங்கேயும் உருளைக் கட்டு உலர்புல்லை வைத்தால் பயன் போச்சு. குதிரை அதற்குள் தலையை நுழைத்து நாள்முழுதும் நிற்கும். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் மட்டும் கணக்கு தலைகீழ். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள கோடை மேய்ச்சலே அங்கே சில குதிரைகளுக்கு நோயைக் கிளப்பும். அவற்றைத் தூசி குறைந்த லாயத்துக்குக் கொண்டுவரவேண்டும்.

லாயத்தில் வைக்கவேண்டிய நிலை என்றால் முழுத்தீவனக் குருணை முதல் தேர்வு, பிளாஸ்டிக் சுற்றிய ஈரப்புல் அடுத்தது. உலர்புல்லே கதி என்றால் நீரில் முழுதாக 30 நிமிடம் மூழ்கவைத்து ஈரமாகவே கொடுக்கவேண்டும். மேலே தண்ணீர் தெளிப்பதால் நடுப்பகுதி நனையாது. மணிக்கணக்கில் ஊறவைத்தால் சத்து கரைந்துபோகும், வெயில் காலத்தில் பாக்டீரியாவும் பெருகும். காய்ந்துபோன மிச்சத்தைத் தொட்டியில் விட்டுவைத்தால் தூசி மறுபடி கிளம்பும். நீராவியில் வேகவைக்கும் பெட்டி பூஞ்சையையும் பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும், கட்டின் நடுப்பகுதி வரை கொதிநிலைக்கு அருகே சூடு ஏறினால். வாளியில் புல்லைப் போட்டு கொதிநீர் ஊற்றி மூடும் வீட்டுமுறையில் அந்தச் சூடு கிடைக்காது. வெதுவெதுப்பான ஈரத்தில் பாக்டீரியா வளர்வதுதான் மிச்சம்.

படுக்கைக்கு வைக்கோலை விட்டுவிட்டு, தூசி நீக்கிய மரச்சீவல் அல்லது காகிதத்துண்டு. பக்கத்துக் குதிரைக்கும் இதையே செய்யவேண்டும். ஒரே கூரை, ஒரே காற்று. பக்கத்து அறையில் வைக்கோலை உதறினால் இந்தக் குதிரையின் நியூட்ரோஃபில்களுக்கு அது போதும். மேல்தளத்தில் புல் சேமிப்பு இருந்தால் அகற்றவேண்டும். பெருக்குவதும் படுக்கை மாற்றுவதும் குதிரை வெளியே இருக்கும்போது. பிறகு ஒரு மணி நேரமாவது கழித்து உள்ளே கொண்டுவரலாம். இலை ஊதும் இயந்திரத்தை லாய நடையில் ஓட்டவே கூடாது. தூசி குறைந்த தீனியோடு நாளுக்கு 1.5 கிராம் டிஹெச்ஏ உள்ள ஒமேகா-3 சேர்த்தால் இருமலும் நியூட்ரோஃபிலும் கூடுதலாகக் குறைவதாகப் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. தீனியை மாற்றாமல் எண்ணெயை மட்டும் ஊற்றுவதற்கு அது ஆதாரம் ஆகாது.

மூச்சு இயல்பானதும் மருந்தைக் குறைக்கலாம். தீனி, படுக்கை மாற்றத்தைக் குறைந்தது ஓராண்டுக்குத் தொடவேண்டாம். முதல் கழுவல் சோதனையில் நியூட்ரோஃபில் மிகுந்திருந்தால் 6 முதல் 8 வாரம் கழித்து அதே அளவு உப்புநீரில் மறுபடி பார்ப்பது நல்லது. இருமல் நின்றும் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தூசி எங்கிருந்தோ இன்னும் வருகிறது. மருந்தளவை ஏற்றுவதற்கு முன் குதிரையின் மூக்கு இருக்கும் இடத்தைச் சுற்றித் தேடவேண்டும். வட நாடுகளில் குளிர்காலத்துக்கு லாயத்துக்குள் கொண்டுவரும் மாதத்துக்கு முன்பாக இன்னொரு முறை பார்த்துவிட்டால், உலர்புல் ஏற்பாட்டை மாற்ற அவகாசம் இருக்கும்.